மணி கேட்கிறவர்கள்

ஜனவரி 9

பாப்பாவுக்கு,

அண்ணன் சொல்லச் சொல்ல மூன்றாவது மாடி நர்ஸ் எழுதுவது. தொடக்கத்தில் நலம் விசாரித்து ஒரு வரி போடட்டுமா என்று கேட்டாள். சண்டையில் இருக்கிறவர்களுக்கு அந்த வரி எதற்கு, வேண்டாம் என்றுவிட்டேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷத்தில் நீ வைத்துவிடுகிறாய், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுகிறேன். காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ அனுப்பிய பத்திரம் வந்தது. இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அப்பா கட்டிய மூன்று மாடியையும் அந்தக் கம்பெனிக்கு விட வேண்டும். அவர்கள் அறைகளை நாள் வாடகைக்கு விடுவார்கள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்து உட்கார வேண்டும். உன் கையெழுத்து அழகாக இருக்கிறதாம். பக்கத்திலேயே கட்டம் போட்டு என் பெருவிரலுக்கு இடம் விட்டிருக்கிறார்களாம். பெருவிரல் என்னிடம்தான் இருக்கிறது. அது வராது.

ஏன் என்று சொல்கிறேன். நாற்பத்தோரு வருஷம் வீடு மாற்றுகிறவர்களின் சாமான் தூக்கினவன் நான். இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றினதால்தான் எனக்கு பீரோ என்று பெயர், அது உனக்கே தெரியும். இந்த ஊரில் எந்த வீட்டுக்கு எத்தனை படி, எந்த வாசலில் கட்டிலைச் சாய்த்துத் திருப்பினால்தான் உள்ளே போகும் என்று இன்றைக்கும் சொல்வேன். எழுத்துத் தெரிந்தவன் குறித்து வைத்துவிட்டு மறந்து போகலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

நம் தெருவில் இருபத்திரண்டு வீடு. அதில் பதின்மூன்று இப்போது நாள் வாடகை. வாசலில் எண் பூட்டு போட்ட சின்னப் பெட்டி, அதற்குள் சாவி. வருகிறவன் எண்ணைத் தட்டிச் சாவியை எடுத்துக்கொள்கிறான், போகும்போது போட்டுவிட்டுப் போகிறான். யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. நாள் முழுக்கச் சக்கரப் பெட்டி உருளுகிற சத்தம். தையல்காரர் போன வருஷம் கடையை மூடினார். "அளவு குடுத்தவன் நான் தைச்சு முடிக்கறதுக்குள்ள ஊர விட்டே போயிடறான் பீரோ. யாருக்குத் தைக்கிறது?" என்றார். மளிகைக் கடையில் ஒரு கிலோ உப்பு கிடைப்பதில்லை. மூன்று நாள் தங்குகிறவனுக்கு ஒரு கிலோ உப்பு எதற்கு? எல்லாம் விரல் நீளப் பொட்டலம். செருப்பு தைக்கிறவர் உட்கார்ந்திருந்த இடத்தில் படுக்கை விரிப்பு வெளுக்கிற மெஷின் கடை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பை இரண்டாம் வகுப்போடு சேர்த்துவிட்டார்கள். பதினான்காவது வீடாக நம் வீட்டையும் கொடுக்கச் சொல்கிறாய்.

நம் வீட்டு வாடகைக்காரர்கள் மட்டும் பெரிய யோக்கியம் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாம் பதினோரு மாத ஒப்பந்தம். ஆளுக்கொரு போன் வைத்திருக்கிறார்கள். இருந்தும் தினமும் காலை ஆறேகாலுக்கு யாராவது ஒருத்தர் என் கதவைத் தட்டி, "ஐயா, மணி என்ன?" என்று கேட்கிறார்கள். கையில் இருக்கிற போனில் மணி பார்க்கத் தெரியாத ஜென்மங்கள். நானும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லித் தொலைக்கிறேன். இந்த இடத்தில் நர்ஸ் சிரிக்கிறாள். என்ன என்று கேட்டால் இருமல் என்கிறாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நான் வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தை உன் மனதில் இருக்கிறது. தெரியும். அதற்காக வீட்டையே தூக்கிக் கொடுப்பதா?

அண்ணன்

அம்மா, இது ஐயா சொல்லாதது. நானாக எழுதுகிறேன். போன மாதம் இருபதாம் தேதி காலையில் ஐயா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடது மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்டேன், இப்போது தேவலை. உங்களுக்குத் தெரியக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறார். மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. — நர்ஸ்


ஜனவரி 24

அண்ணா,

நலம் விசாரிக்கும் வரி உனக்கு வேண்டாம் என்றால் எனக்கும் வேண்டாம்.

நீ சொன்னது வாய் தவறின வார்த்தை இல்லை. படிக்கட்டில் நின்று, குடியிருப்பவர்கள் நாலு பேர் காதில் விழ, "நீயும் வாடகைக்காரி மாதிரி வந்துட்டுப் போறவதானே, ஒனக்கு இந்தத் தெருவப் பத்தி என்ன தெரியும்?" என்றாய். அப்போது என் கையில் உன் சட்டை இருந்தது. துவைத்து, பொத்தான் தைத்து எடுத்து வந்திருந்தேன். அதைக் கைப்பிடியில் போட்டுவிட்டு அன்றைக்கே ரயில் ஏறினேன்.

வாடகைக்காரிதான். இல்லை என்று சொல்லவில்லை. உன் மாப்பிள்ளை உயிரோடு இருந்தவரை பாலம் கட்டினார். பாலம் முடிந்தால் வீடு காலி. முப்பத்து நாலு வருஷத்தில் பதினேழு வீடு. நான் இருந்த தெருக்களில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். பெயர் கேட்க மாட்டார்கள், "எத்தனை மாசம் இருப்பீங்க?" என்பார்கள். பதினெட்டு மாதம் என்றால் முகம் ஒரு மாதிரி மூடிக்கொள்ளும். நூலகத்தில் நிரந்தர விலாசம் இல்லாதவர்களுக்கு அட்டை கிடையாது என்றார்கள். ஆறாவது வீட்டுத் தெருவில் விளக்கு எரியவில்லை என்று நகராட்சி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கப் போனேன். அங்கே இருந்தவர், "விளக்கு வர்றதுக்குள்ள நீங்க போயிடுவீங்களேம்மா" என்று சிரித்துக்கொண்டே காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. வந்து போகிறவர்களுக்கு அக்கறை இல்லை என்று நீ சொல்கிறாய். அக்கறையோடு போனவளைத் திருப்பி அனுப்பினது யார்?

பத்திரத்துக்கு வருகிறேன். நான் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று நீ கேட்கவே இல்லை. உனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

நான் இருக்கும் நாலாவது மாடியில் எதிர்க் கதவு ஒரு ஓய்வு பெற்ற மனிதருடையதாக இருந்தது. தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். போன அக்டோபரில் இறந்துபோனார். இறந்து இரண்டு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். வாசலில் இரண்டு நாள் பேப்பர் கிடந்தது. அந்த இரண்டு நாளும் நான் அந்தக் கதவைத் தாண்டிக் கீழே போனேன், மேலே வந்தேன். பேப்பரைக் காலால் ஓரமாகத் தள்ளிக்கூட விட்டேன்.

உனக்கு எழுபத்தெட்டு வயது. அண்ணி போய்ப் பதினோரு வருஷம். உன் வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாம் வழிப்போக்கர்கள். நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் உன் கதவை யார் தட்டுவார்கள்? அதற்காகத்தான் கையெழுத்துப் போட்டேன்.

பாப்பா

நர்ஸ் அம்மாவுக்கு: இந்தப் பத்தியை அண்ணனுக்கு வாசிக்க வேண்டாம். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தீர்களா? குளியலறையில் கைப்பிடி ஒன்று பொருத்த முடியுமா? அவருக்குத் தெரியாமல் ஆளை வரவழையுங்கள்.


பிப்ரவரி 6

பாப்பாவுக்கு,

இதை எழுதுவது முதல் மாடி கிரேன்காரர். நர்ஸை எழுத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். உன் கடிதத்தின் கடைசியில் அவள் கண் ஓடியது, வாய் ஓடவில்லை.

"என்னம்மா முழுங்குன?"

"ஒண்ணுமில்ல ஐயா, எச்சில்."

"எச்சில் நாலு வரி இருக்குமா?"

படிக்காதவன்தான், குருடன் இல்லை. அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. விழுந்தது உண்மை. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தரையில் கிடந்தது கால் மணி நேரம்கூட இருக்காது. அதிர்ஷ்டம், அந்த நேரம் பார்த்து நர்ஸ் மணி கேட்க வந்தாள். கைப்பிடியும் பொருத்தியாயிற்று. நான் தூங்கும்போது ஆள் வைத்துப் பொருத்தினார்களாம். சுவரில் துளை போடுகிற மெஷின் சத்தத்தில் எவன் தூங்குவான்? கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

சட்டை விஷயம் எனக்கு நினைவிருக்கிறது. நீலக் கோடு போட்டது. மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம், அதே நிறம் கிடைக்கவில்லை என்று சொன்னாய். அதை இன்னும் போட்டுக்கொள்கிறேன். இதற்கு மேல் என்னைச் சொல்ல வைக்காதே, கிரேன்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எதிர்க் கதவுக்காரர் கதையைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நீ சொல்கிற நியாயத்தில் பாதிதான் எனக்கு ஏறுகிறது. போன மாதம் தெருமுனைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. பத்தொன்பது நாள் யாரும் போய்ச் சொல்லவில்லை. நாள் வாடகைக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனான். மாத வாடகைக்காரன், வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று நினைத்தான். வீட்டுக்காரர்கள் எல்லாம் வேறு ஊரில். கடைசியில் நான்தான் தடியை ஊன்றிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். "நீங்க சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்" என்கிறான் அந்த ஆள். உன்னைத் திருப்பி அனுப்பினானே, அவனுடைய தம்பியாக இருப்பான்.

நம் வீட்டில் அப்படி நடக்காமல் இருப்பதற்குக் காரணம் ஒரு வழக்கம். வீடு சொல்லுவது. காலி செய்கிறவர் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடிவிட முடியாது. புதிதாக வருகிறவர் வந்து சேரும்வரை இருந்து, வீட்டை வாயால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எந்தக் குழாய் எத்தனை மணிக்கு வரும், எந்த சுவிட்சைத் தொடக் கூடாது, எந்த ஜன்னல் இறுக்கம். உனக்கு இது தெரியாது, நீ கல்யாணமாகிப் போன பிறகு வந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது மாடியில் இருந்த மருந்துக் கம்பெனி ஆள் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டான். மதியம் புதுக் குடும்பம் வந்தது. மொட்டை மாடியின் மேற்குக் கைப்பிடிச் சுவர் ஆடும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் அன்றைக்கு வேறு யாருடைய கட்டிலையோ தூக்கிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த பெரியவர் துணி உலர்த்தப் போய் அதில் சாய்ந்தார். உயிர் பிழைத்தார். அதற்கப்புறம் தடி இல்லாமல் நடக்கவில்லை. அந்த வாரமே சுவரை இடித்துக் கட்டினேன். ஆனாலும் அன்றிலிருந்து சாவி என் கையில், சொல்லாமல் யாருக்கும் கிடையாது. இப்போது அதை எழுதி ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒட்டியிருக்கிறார்கள். நான் வாசிக்கச் சொல்லிக் கேட்டதில்லை. நான் சொன்னதைத்தானே எழுதியிருக்கப் போகிறார்கள்.

இன்னொன்று. யார் எத்தனை நாள் நிற்பார்கள் என்று சாமானைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பூந்தொட்டி கொண்டுவந்தால் இரண்டு வருஷம். கண்ணாடி வைத்த அலமாரி என்றால் ஐந்து வருஷம். ஒற்றைப் பெட்டி என்றால் மூன்று மாதம். நாற்பத்தோரு வருஷத்தில் பெரிதாகத் தப்பினது கிடையாது, நர்ஸ் ஒருத்தியைத் தவிர. ஒற்றைப் பெட்டியோடு வந்தாள். மூன்று மாதம் என்று நினைத்தேன். ஆறு வருஷம்.

அவள் போகிறாள். வேறு ஊரில் நல்ல வேலை. மார்ச் ஒன்றாம் தேதி காலி செய்கிறாள். நேற்று வந்து சொன்னாள். நல்லது, போய்ட்டு வா என்றேன். வேறென்ன சொல்வது? ஆறு வருஷம் இருந்தவளே போகிறாள் என்றால் நான் யாருக்காக இந்தப் படியைக் காவல் காக்கிறேன்? கிரேன்காரரும் கட்டடம் முடிந்தால் மே மாதம் போய்விடுவார். எழுதிக்கொண்டே தலையைக் குனிகிறார். உன் பேச்சுத்தான் சரி போலிருக்கிறது. இவர்கள் வழிப்போக்கர்கள், நான் ஒரு மைல்கல். அந்தக் கம்பெனி ஆளை அனுப்பு. பெருவிரலை வைத்துவிடுகிறேன்.

அண்ணன்

அம்மா, என் எழுத்துக் கோணல், மன்னிக்கவும். ஐயா சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறேன். ஒன்றே ஒன்று. இந்த வீட்டில் நாங்கள் எல்லாருமாக வைத்திருக்கிற ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஐயாவுக்குத் தெரிந்தால் கோபப்படுவார், அதனால் எழுத முடியவில்லை. முடிந்தால் ஆளை அனுப்புவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். — கிரேன்


பிப்ரவரி 20

அண்ணா,

நீ சம்மதித்துவிட்டாய். நான் சந்தோஷப்பட வேண்டும். கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், காப்பி ஆறிப்போனதுதான் மிச்சம். உன்னோடு நாலு வருஷம் மல்லுக்கு நின்று பழகிவிட்டது. திடீரென்று நீ கையை எடுத்ததும் முன்னால் விழுகிற மாதிரி இருக்கிறது.

வீடு சொல்லுகிற விஷயத்தைப் படித்துவிட்டு என் பதினேழு வீட்டையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒருத்தரும் எனக்கு வீடு சொன்னதில்லை. மூன்றாவது வீட்டில் குளியலறை சுவிட்ச் கையைச் சுண்டி எறிந்த பிறகுதான் அதைத் தொடக் கூடாது என்று தெரிந்தது. ஐந்தாவது வீட்டில் முதல் மழையில் சமையலறைக்குள் முழங்கால் தண்ணீர். பதினோராவது வீட்டில் மட்டும், அலமாரிக் கதவின் உட்பக்கம் பென்சிலில் ஒரு வரி இருந்தது: "காற்று அடித்தால் இந்த ஜன்னலை முதலில் சாத்துங்கள்." யார் எழுதினது என்று தெரியாது. அந்த ஊரில் எனக்கு ஒரு சினேகிதிகூட அமையவில்லை. ஆனால் காற்று அடிக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் அங்கே ஒருத்தி ஓடிப்போய் ஜன்னல் சாத்தினாள் என்று நினைத்துக்கொள்வேன்.

வெட்கத்தோடு இதையும் சொல்லிவிடுகிறேன். நான் யாருக்காவது சொன்னேனா? அந்த மூன்றாவது வீட்டு சுவிட்சைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. சாவியைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு லாரியில் ஏறினேன். எனக்கு யாரும் எதுவும் தரவில்லை, நான் யாருக்கு என்ன தருவது என்கிற வீம்பு. எனக்குப் பின்னால் வந்தவளின் கையும் சுண்டியிருக்கும்.

கம்பெனி ஆள் மார்ச் பத்தாம் தேதி பதினோரு மணிக்கு வருவார். அதைத் தள்ளிப்போட்டால் மறுபடி சண்டை தொடங்கும், அதனால் தள்ளவில்லை. பெருவிரல் உன்னுடையது. வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி, இந்தத் தடவை நான் பேச்சை நிறுத்த மாட்டேன்.

நர்ஸ் போகிற அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்காதே. உன்னை எனக்குத் தெரியும். மேலே ஏறிப்போய் வழியனுப்பு.

பாப்பா


மார்ச் 12

பாப்பாவுக்கு,

இப்போது எழுதுவது மூன்றாவது மாடியில் புதிதாக வந்திருக்கிற பெண். கண்ணாடிக் கடையில் வேலை, ஆட்களின் கண்ணைச் சோதித்துப் பார்ப்பாள். இரண்டு பெட்டி, ஒரு குடை. எத்தனை நாள் நிற்பாள் என்று இந்தத் தடவை நான் கணிக்கவில்லை. ஏன் என்று கேள்.

ஒன்றாம் தேதி நீ சொன்னபடியே ஏறினேன். ஐம்பத்து நாலு படி. முட்டி போன பிறகு, மூன்று வருஷமாக நான் மேலே போனதே இல்லை. சாவி கொடுப்பதும் வாங்குவதும் கீழே என் கதவில்தான். மேலே அவர்கள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்டது கிடையாது. கிரேன்காரர் பின்னால் கையை நீட்டிக்கொண்டே வந்தார், நான் விழுந்தால் பிடிப்பதற்கு. மூன்றாவது மாடியில் கதவு பாதி திறந்திருந்தது. மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று சுவரில் சாய்ந்தேன். உள்ளே நர்ஸ் இவளுக்கு வீடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏழு, மேக்குப் பக்கச் சுவர்ல சாயக் கூடாது. இப்ப புதுசாக் கட்டியாச்சு, இருந்தாலும் சொல்லணும்னு ஐயா உத்தரவு. எட்டு, மழைக்கு முன்னாடி மாடி வடிகால்ல இலை இருந்தா எடுத்துடுங்க. பக்கத்து வீட்டு மாடியும் எட்டற தூரம்தான், அங்க தங்கறவங்க பாக்க மாட்டாங்க. அதையும் சேத்துப் பாத்துடுங்க. ஒம்போது, கீழ ஐயா."

"அவருக்கென்ன?"

"ஒண்ணும் இல்ல. காலைல ஆறேகாலுக்குக் கதவத் தட்டி மணி கேக்கணும். செவ்வாயும் வெள்ளியும் ஒங்க முறை."

"எங்கிட்ட போன் இருக்கே."

"எல்லார்கிட்டயும்தான் இருக்கு. மணிக்காக இல்லம்மா. உள்ளேருந்து, 'ஆறேகால்! போன்ல பாக்கத் தெரியாதா?'ன்னு திட்டுவாரு. திட்டினா நல்லா இருக்காருன்னு அர்த்தம், நீங்க வேலைக்குப் போகலாம். திட்டலேன்னா மறுபடி தட்டுங்க. அப்பவும் திட்டலேன்னா, தாழ்ப்பாள் லூசுதான், தோளால ஒரு இடி போதும். டிசம்பர்ல நான் அப்படித்தான் உள்ள போனேன்."

"இது எத்தனை நாளா நடக்குது?"

"எனக்கு முன்னாடி இந்த ரூம்ல இருந்த பேங்க்காரர் எனக்குச் சொன்னாரு. அவருக்கு ஒரு தையல் டீச்சர் சொன்னாங்களாம். யாரு ஆரம்பிச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஐயாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா திட்ட மாட்டாரு."

கிரேன்காரர் என்னைப் பார்த்தார். நான் வாயில் விரலை வைத்தேன். சத்தம் போடாமல் இரண்டு பேரும் கீழே இறங்கினோம். ஏறினதைவிட இறங்குவதற்கு நேரம் அதிகமாயிற்று.

யார் ஆரம்பித்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், உன் அண்ணி போன ஒன்பதாம் நாள். இரண்டாவது மாடியில் ஒரு பெயிண்டர் இருந்தான். கப்பலுக்குச் சாயம் பூசுகிறவன். ஒரு பாய், ஒரு வாளி, அவ்வளவுதான் சாமான். இரண்டு மாதம் தாங்க மாட்டான் என்று உன் அண்ணியிடம் நான் சொன்னவன். அந்த ஒன்பது நாளும் நான் கதவைத் திறக்கவில்லை. ஆறேகாலுக்கு அவன் தட்டி, "ஐயா, மணி என்ன?" என்றான். எழுந்து போய்ப் பார்த்துச் சொன்னேன். மறுநாளும் வந்தான். கடிகாரம் வாங்கித் தொலைடா என்று கத்தினேன். சரிங்க ஐயா என்று போனான். அடுத்த நாளும் வந்தான். எட்டு மாதம் இருந்தான். போகிறபோது என்னிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பட்டறையில் வண்டி காத்திருக்கிறது என்று ஓடினான். எனக்குச் சொல்லவில்லை, அடுத்து வந்தவனுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அவனிலிருந்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு பேர் பாப்பா. எல்லார் குரலும் எனக்குத் தெரியும். ஒருத்தி தட்டாமல் சுரண்டுவாள். ஒருத்தன் கேட்டுவிட்டு பதிலுக்குக்கூட நிற்காமல் ஓடுவான், அவனைப் பொறுப்பில்லாதவன் என்று வருஷம் முழுக்கத் திட்டினேன். திட்டு காதில் விழுந்ததும் அவன் வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது. முப்பத்தேழு பேரில் பாதிப் பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே கிடையாது. என்னைக் கைமாற்றிக் கைமாற்றி பதினோரு வருஷம் கீழே வைக்காமல் தூக்கியிருக்கிறார்கள். நாற்பத்தோரு வருஷம் சாமான் தூக்கினவனுக்கு, தன்னைத் தூக்குவது தெரியவில்லை பார்.

ஒன்பதாவதை என் காதால் கேட்ட பிறகு, அடுத்த செவ்வாய்க்கிழமை இவள் வந்து தட்டினாள். "ஐயா, மணி என்ன?" திட்ட வேண்டும் என்பதையே மறந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி தட்டினாள். அப்புறம் கதவில் தோள் படுகிற சத்தம். "ஆறேகால்! போன்ல பாக்கத் தெரியாதா!" என்று போட்டேன் ஒரு சத்தம். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இதை இப்போது சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுதும்மா. எழுதிவிட்டு மறந்துவிடு. வீட்டில் யாருக்கும் சொல்லாதே. நான் பழையபடி திட்டுவேன், நீங்கள் பழையபடி கேளுங்கள்.

பத்தாம் தேதி கம்பெனி ஆள் வந்தார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். மைப்பெட்டிகூடக் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, ஒங்க பூட்டுப் பெட்டி சாவி குடுக்கும். வீடு சொல்லுமா?" என்று கேட்டேன்.

"எல்லாம் போன்லயே வந்துடும் சார். குப்பை எங்க போடணும், எப்ப காலி பண்ணணும், எல்லாம்."

"பக்கத்துல யாரு இருக்காங்கன்னு வருமா?"

"அது எதுக்கு சார் அவங்களுக்கு? ரெண்டு நாள்தானே இருக்காங்க."

பெயிண்டர் எட்டு மாதம்தான் இருந்தான் என்று சொல்ல வந்தேன், அவருக்குப் புரியாது. பத்திரத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் படிக்கட்டில் நான் சொன்ன வார்த்தை தப்பு. வாடகைக்காரி என்றால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துச் சொன்னேன். முப்பத்தேழு வாடகைக்காரர்கள் தயவில் உயிரோடு உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். உன் எதிர்க் கதவுக்காரரை நினைத்து நீ பயந்தது எனக்காக என்று எழுதினாய். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். என் கதவை யார் தட்டுகிறார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது. அந்த நாலாவது மாடியில் உன் கதவை யார் தட்டுகிறார்கள் பாப்பா?

மே மாதம் முதல் மாடி காலியாகிறது. பதினெட்டு படிதான். பாதி வீடு உன்னுடையது. ஆனாலும் எல்லாருக்கும் போலப் பதினோரு மாத ஒப்பந்தம், அதற்கு மேல் இருப்பதும் போவதும் உன் இஷ்டம். கிரேன்காரர் உனக்கு வீடு சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். சொல்லாமல் சாவி கிடையாது.

அண்ணன்

அம்மா, நான் தனியாக எழுத ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார். — கண்ணாடிக் கடை


மார்ச் 25

அண்ணா,

இதை வாசிக்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு வரியும் விடாமல் வாசிக்கலாம். இனிமேல் விழுங்குவதற்கு எதுவும் இல்லை.

உன் கேள்விக்குப் பதில், யாரும் இல்லை. அதை எழுதிவிட்டு ஒரு வாரம் கடிதத்தை மூடி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை எதிர்க் கதவைத் தட்டினேன். அங்கே புதிதாக ஒரு கணக்காளர் குடிவந்திருக்கிறார். உன் வயது இருக்காது, ஆனால் தனி ஆள். நாலு மாதமாக எதிரெதிரே இருக்கிறோம், தலையைக்கூட ஆட்டிக்கொண்டதில்லை. "மணி என்னங்க?" என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றி வைக்க மறந்துவிட்டேன். ஒன்றும் கேட்காமல், "ஏழு பத்து" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். செவ்வாய்க்கிழமை, "ஏழு பத்துதான். நேத்தும் இதே நேரம்தான் கேட்டீங்க" என்றார். புதன்கிழமை எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், எழுந்திருக்கவில்லை. ஏழேகாலுக்கு என் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். கையில் சாவியோடு, வேலைக்குக் கிளம்பின கோலத்தில் நின்றார். "இன்னிக்கு நீங்க மணி கேக்கலையே" என்றார்.

மே மாதம் வருகிறேன். என் பதினெட்டாவது வீடு. பதினோரு மாதம்தான், அதற்கு மேல் என்னைக் கட்டிப் போடக் கூடாது. நீலக் கோடு சட்டையை எடுத்து வை. அந்த மூன்றாவது பொத்தானை மாற்ற வேண்டும்.

ஆனால் தேதியை இப்போது சொல்ல முடியாது. இந்த வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்று இன்னும் தெரியவில்லை. அவர் வந்து, நான் இருந்து சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். சாவியைப் போட்டுவிட்டு ஓடினது பதினாறு தடவையோடு போதும். சொல்ல வேண்டியதை எழுதி வைத்துவிட்டேன். குழாய், மீட்டர் பெட்டி, மழைக்கு ஒழுகுகிற மூலை என்று மொத்தம் எட்டு.

எட்டாவது, எதிர்க் கதவு. ஏழு பத்து.

பாப்பா